ஆட்டாமல் சோதித்த தூளி

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நான் தூளி செய்து விற்கிறேன். சிரிக்க வேண்டாம். பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டால் போதாதா என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. நல்ல ஸ்பிரிங் வேண்டும், கழலாத கொக்கி வேண்டும், துணியை விரித்துப் பிடிக்கக் கட்டை வேண்டும். சுவரில் ஆணியே அடிக்கக் கூடாத வாடகை ஃப்ளாட்டுகளுக்கு இரும்பு ஸ்டாண்டும் வேண்டும். பூந்தமல்லிக் கடைகளில் தொங்குபவற்றில் பாதி என்னுடையவை.

என்னோடு வேலை பார்த்தவள் ஒரு சின்னப் பெண். கைக்குழந்தையோடுதான் வருவாள். நாங்கள் செய்த தூளியிலேயே குழந்தை தூங்கும். அவள் ஒரு காலால் ஆட்டிக்கொண்டே கொக்கி மாட்டுவாள். கைக்குழந்தைக்காரிக்கு இந்த வட்டாரத்தில் வேறு யார் வேலை கொடுக்கிறார்கள்? ஆனால் உள்ளூர் வியாபாரத்தை நம்பி அவளை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் கடை வைத்திருக்கும் ஒரு தமிழர் மொத்தமாக ஆர்டர் தருகிறேன் என்றதும், "இனிமே உனக்கு வேலை நிரந்தரம்" என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அங்கே குழந்தைப் படுக்கைக்குப் பல நாடுகள் கூடிப் பேசி எழுதிய தரவிதி உண்டு. அதில் தேறிய சான்றிதழ் இல்லாமல் சரக்கு துறைமுகத்தைத் தாண்டாது. அதில் எனக்குக் கோபம் இல்லை. பச்சைக்குழந்தை படுக்கும் சாமான், சோதிக்கட்டும். ஸ்பிரிங் அறுந்துவிடுமா, கொக்கி கழலுமா, துணியில் மூச்சு முட்டுமா என்று கேட்டிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

சோதனைக்கூடத்து அதிகாரி கேட்டது வேறு. கையில் ஒரு இரும்பு உருளையை வைத்துக்கொண்டு தூளியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பக்கக் கம்பி எங்க மேடம்? கம்பிகளுக்கு நடுவுல இது நுழையுதான்னு பாக்கணும்."

"தூளிக்கு ஏது சார் கம்பி?"

"கம்பி இல்லன்னா தேறாது. குழந்தை படுக்கிறதுன்னா அவங்க கணக்குல கட்டில்தான். தூளின்னு ஒரு வகையே விதியில இல்ல."

"விதி எழுதுன கூட்டத்துல நம்ம ஆளுங்க யாரும் இல்லையா?"

"நமக்கும் ஒரு நாற்காலி இருந்துது. வரைவு வந்தப்போ நம்ம பக்கத்துலேர்ந்து யாரும் கருத்து சொல்லல."

அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரனுக்குத் தூளி தெரியாது, போகட்டும். நம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எதில் தூங்கி வளர்ந்தார்? வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

கம்பி வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று அதிகாரியே வழியும் சொன்னார். வைத்தோம். ஸ்டாண்டோடு சேர்த்து நாலு பக்கமும் மரக்கம்பி அடித்தோம். கோழிக்கூண்டு மாதிரி இருந்தது. இரும்பு உருளை நடுவில் நுழையவில்லை, எனவே தேறிவிட்டது. ஆட்டிப் பார்க்க மாட்டீர்களா என்று கேட்டேன். அசையாமல் நிறுத்தி வைத்துத்தான் சோதிக்க வேண்டுமாம், விதி அப்படியாம். ஆட்டுவதற்கென்றே செய்த பொருளை ஆட்டாமல் சோதித்து, நல்லது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

கொட்டகைக்குக் கொண்டுவந்ததும், என்னோடு வேலை பார்த்தவள் ஆசையாகத் தன் குழந்தையை அதில் படுக்கவைத்து ஆட்டினாள். காலியாக ஆட்டியபோது எங்கும் படாத தூளி, குழந்தை காலை உதைத்ததும் கோணிக்கொண்டு போய்க் கம்பியில் மோதியது. வீறிட்ட சத்தம் கேட்டு ஓடினேன். நெற்றியில் புடைத்துக்கொண்டிருந்தது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"இத்தயாக்கா அனுப்பப் போற?"

அனுப்பினால் அவளுக்கு வேலை. எங்கோ ஒருத்தியின் குழந்தைக்கு இதே புடைப்பு, இல்லை அதற்கும் மேல். இப்படி ஒரு கணக்கை என் தலையில் கட்டியவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில் சுத்தியலை எடுத்து அத்தனை கம்பியையும் உடைத்துப் போட்டேன். கடைக்காரருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"சான்றிதழ்தான் இருக்கேக்கா. மத்தத யாரு கேக்கப் போறா? அனுப்பிடுங்க" என்றார்.

முடியாது என்றேன். ஆர்டர் போயிற்று. தரவிதிக் குழுவுக்கு எழுதிப் போட்டேன். அடுத்த முறை விதியைத் திருத்தும்போது கவனிப்பார்களாம்.

என்னிடம் வேலை இல்லாமல் போனவள் இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. பகலெல்லாம் அது பக்கத்து வீட்டில்தான்.

போன மாதம் அந்தக் கடைக்காரர் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம்.

"ஒரே ஒரு தூளி வேணும்க்கா. இங்க வர்றவங்க யார் பெட்டியிலயாவது துணிக்குள்ள சுத்திக் குடுத்துவிடுங்க."

"கம்பி வெச்சதா, வெக்காததா?"

"வெக்காதது" என்றார்.

வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன். அந்த ஊர் விமான நிலையத்தில் புடவைகளுக்கு நடுவே எத்தனை தூளிகள் இப்படித் திருட்டுச் சாமான் போல இறங்கியிருக்கும்! முறைப்படி வாசல் வழியாக விட்டிருந்தால் ஸ்பிரிங்கையாவது ஒருவர் இழுத்துப் பார்த்திருப்பார்.

அனுப்பவே மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கிடங்கில் இருந்தவளைப் போனில் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அனுப்புக்கா. அந்தக் கொயந்த இன்னா பண்ணுச்சு? எங்க ஊட்டுதுதான் தூங்காம அயுதுகினே கீதாம். பக்கத்து ஊட்ல தூளி கட்ட எடம் இல்ல."

கடைக்காரருக்கு ஒன்றை அனுப்பினேன். ஸ்டாண்டோடு இன்னொன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போய் நானே மாட்டிக் கொடுத்தேன். படுக்கவைத்ததும் குழந்தை தூங்கிவிட்டது. ஆட்டத்தான் அதன் அம்மா அங்கே இல்லை.