பேர்க்காவின் இடது கை

எங்கள் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டுவதும் தரை கூட்டுவதும் என் வேலை. பேர்க்கா டீச்சரைப் பற்றி ஊர் ஆயிரம் பேசும். கூடவே இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கற்றுக்கொடுக்க அவள் புத்தகத்தைத் தொடவே மாட்டாள். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, பன்னிரண்டு பிள்ளைகளோடு கைகோத்து வட்டமாக நிற்பாள். எங்கள் மலையடிவாரத்துக் கோலோ ஆட்டம் அது. பாட்டும் கிடையாது, கொட்டும் கிடையாது. காலடிச் சத்தம்தான் தாளம். நிதானமாக நடந்தால் கதை ஆரம்பம். ஓங்கி மிதித்தால் ஆபத்து. திசை திரும்பினால் கதையும் திரும்பும். ஆடி முடித்ததும், நின்ற வரிசையிலேயே ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அவளோடு சேர்த்துப் பதின்மூன்று. ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு சுள்ளியை எடுத்து வைப்பேன். வாயே திறக்காத பரிஷாப் பயல்கூட இப்படித்தான் பேசத் தொடங்கினான்.

அவள் புருஷன் மியாத், எட்டு வருஷத்துக்கு முன் பனிக்காலத்தில் ஆடு தேடி தினாரா மலை ஏறினவன், திரும்பவில்லை. துக்கம் இருக்கிற வீட்டார் கோலோவில் கால் வைக்க மாட்டார்கள், அது எங்கள் வழக்கம். பேர்க்கா ஒரு நாள்கூட ஆட்டத்தை விடவில்லை. விட்டால், அவன் செத்துப்போனான் என்று அவளே சொன்னதாகிவிடும்.

என் வாய் சும்மா இருக்குமா? "இன்னும் எத்தனை நாளைக்குடி இந்தக் கூத்து? துக்கக் கறுப்பைக் கட்டிக்கிட்டு ஒரு பாட்டம் அழுது தீரு" என்றேன்.

"அவர் வர்றப்ப என்னைக் கறுப்புலயா பார்க்கணும், மாராக்கா?" என்றாள்.

இந்த ஜனவரியில் ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரரின் மகள் சோர்க்கா பள்ளியில் சேர்ந்தாள். ஒரு பிள்ளை ஊரைவிட்டுப் போயிருந்த இடத்தில் இவள். ஏழு வயசு. வந்து நாலே நாள். இங்கே யாரையும் தெரியாது. டீச்சருக்கு இடது பக்கம் நின்றாள். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடைவெளி.

"ஏய், டீச்சர் கையைப் பிடிடி!" என்று அதட்டினேன்.

"பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன், பாட்டி. இவர் கையை."

பேர்க்காவின் இடது கையைப் பார்த்தேன். விரல்கள் வெறுங்காற்றில் எதையோ பற்றினாற்போல மடங்கியிருந்தன.

அன்றைக்கு நரிக் கதை. சோர்க்கா முறை வந்தது. "நரி குகைக்குள்ள போச்சு. அது என்னுது. இது இவரோடது: பனி இடுப்பு வரைக்கும் இருந்துச்சு, ஆனா வலிக்கல."

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கதை முடிந்தபோது என் முன்னால் பதினாலு சுள்ளி கிடந்தது.

சோர்க்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "யாருடி உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?"

"கைதான் சொல்லுச்சு. ரொம்ப ஜில்லுன்னு இருந்துச்சு."

மறுநாளும் அதே இடைவெளி. ஆடி முடித்ததும் சோர்க்கா சொன்னாள்: "இவர் சொல்றாரு, டீச்சரை இனிமே கதவைத் தாழ் போட்டுக்கச் சொல்லுன்னு."

பேர்க்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"எட்டு வருஷமா நான் தாழே போடலக்கா. எப்ப வந்தாலும் தட்டாம உள்ள வரட்டும்னு. இது ஒரு ஜீவனுக்குத் தெரியாது."

எனக்கே தெரியாதே!

அடுத்த நாள் காலை கறுப்பு உடுத்தி வந்தாள். வழக்கம்போல மேசைகளைத் தள்ளினாள். ஆனால் வட்டத்துக்குள் போகாமல் என் அடுப்புப் பக்கம் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"டீச்சர், வாங்க!" என்று பரிஷா கையை நீட்டினான்.

"நீங்க ஆடுங்கடா. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பரிஷா சோர்க்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். நடுவில் இடைவெளி இல்லை. பன்னிரண்டு வாக்கியத்தில் கதை முடிந்தது. கறுப்பைக் கட்டு, கட்டு என்று நச்சரித்தவள் நான். கட்டிக்கொண்டு நின்றவளைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"நேத்து தாழ் போட்டியாடி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"போட்டேன்க்கா. விடிய விடிய முழிச்சுத்தான் கிடந்தேன். யாரும் தட்டல."