மகாராணி ஆணான கதை

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை குட்டி இல்லை. கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு டரான்டுலா குஞ்சை, வளர்ந்தால் உள்ளங்கையளவாகும் மயிரடர்ந்த சிலந்தியை, அவர் வாங்கி வந்தார். முதல் நாள் அலறியடித்து ஓடிய மனைவிதான் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். ஆணுக்குத்தான் ஆயுள் குறைவு, பெண் சிலந்தி இருபது வருஷம்கூட வாழும் என்று அவர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நோய் முற்றிப் படுக்கையில் விழுந்த பிறகும், "நான் போனாலும் மகாராணி உங்களுக்குத் துணை இருப்பா," என்பாள்.

அந்த மழைக்காலத்தில் மகாராணி தோல் உரித்தது. உடம்பு இறுகியதும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். முன்கால்களின் உள்பக்கம் சின்னக் கொக்கிகள். வாயருகே இருந்த குட்டைக் கைகளின் நுனி, கையுறை மாட்டியதுபோல் உருண்டு கிடந்தது. பருவம் வந்த ஆண். இனி இணை சேரலாம். ஆனால் ஆயுள் மாதக்கணக்குதான்.

"என்னங்க, நம்ம பொண்ணு வளர்ந்துட்டாளா?"

"ம். ஜம்முனு இருக்கா."

பக்கத்துத் தெருவில் அழகு நிலையம் நடத்தும் பெண், தன் பெண் சிலந்திக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். மகாராணி ஆண் என்று அவளிடமும் அவர் சொல்லவில்லை. பெட்டி கட்டில் அருகிலேயே இருந்தது. சிலந்தி இரையைத் தொடாமல் சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு மத்தியானம் மனைவி கேட்டாள்: "இது பொண்ணு இல்ல, அப்படித்தானே?"

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க என்னைப் பாக்கற மாதிரியே இப்ப அதையும் பாக்கறீங்க."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அழாதீங்க. அந்த அழகு நிலையத்துப் பொண்ணுகிட்ட கொண்டு போங்க. நமக்குத்தான் வாய்க்கல. அவனுக்காவது வாய்க்கட்டும்."

கொண்டுபோனார். ஆண் தரையில் காலைத் தட்டித் தட்டிச் சேதி சொன்னது. பெண் சிலந்தி சீறி எழுந்தபோது, ஆண் அதன் பற்களைத் தன் கொக்கிகளால் தாங்கிப் பிடித்துக்கொண்டது. காரியம் முடிந்ததும் அது பாய்ந்து ஓட, பெண் சிலந்தி அதன் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டது. அழகு நிலையத்துப் பெண் அட்டையைக் குறுக்கே செருகியதால் உயிர் தப்பியது.

வீடு திரும்பி ஒன்று விடாமல் சொன்னார். "நொண்டினாலும் வீடு வந்து சேர்ந்தானே!" என்று மனைவி இருமல் வரும்வரை சிரித்தாள்.

மழை விடும் முன்பே அவள் போய்விட்டாள். அடுத்த மாதமே சிலந்தியும் கால்களை மடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தது.

பிறகொரு நாள் அழகு நிலையத்துப் பெண் ஒரு டப்பாவோடு கடைக்கு வந்தாள். உள்ளே கடுகு கடுகாக மகாராணியின் குஞ்சுகள்.

"ஒண்ணு எடுத்துக்குங்கண்ணே."

வெகுநேரம் பார்த்துவிட்டு மூடியை அழுத்தி மூடினார்.

"நல்லா இருக்கும்மா எல்லாம். இன்னொண்ணை வழியனுப்பத் தெம்பு இல்ல எனக்கு."

அவள் வற்புறுத்தவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.