பூக்கொத்தி இல்லாத வருஷம்

எங்கள் மாவட்டத்துப் பறவை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் ஊரில் ஒரு மணி நேரம் நடந்து, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, ஒன்பது மணிக்குள் பட்டியலைப் போட்டுவிட வேண்டும். அரூரிலிருந்து ஏரிப் பறவைகள் வரும். சித்தேரியிலிருந்து மலைப் பறவைகள் வரும், அதுவும் சிக்னல் கிடைத்தால்தான். மாரண்டஹள்ளியிலிருந்து என்னுடைய மாந்தோப்புப் பட்டியல் வரும். தோப்பு என்னுடையது இல்லை. என் கடைக்குப் பின்னால் இரண்டு தக்காளித் தோட்டம் தாண்டி இருக்கும் ஒரு விவசாயியுடையது. பட்டியல் மட்டும்தான் என்னுடையது.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். முப்பது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் என் கடைக்கு வந்துதான் உயிர் பெற்றுப் போகின்றன. ஓடுகிற மோட்டாரைத் தொடாமலே, சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம் பறவை பார்க்கப் போகும்போதும் கூடவே வந்தது. குழுவில் யாராவது புதிதாக ஒன்றைப் பார்த்தேன் என்று போட்டால் முதல் கேள்வி என்னுடையதாக இருக்கும்: "போட்டோ இருக்கா?" இல்லையென்றால் லேசில் விடமாட்டேன். என் முதுகுக்குப் பின்னால் 'போட்டோ சார்' என்றுதான் பேச்சு என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

என் பட்டியலில் எனக்குச் செல்லம் பூக்கொத்திதான். கட்டை விரல் அளவுக் குருவி. நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, துவைக்காத காக்கிச் சட்டை மாதிரி இருக்கும். மாமரத்துக் கிளையில் ஒட்டிக்கொண்டு வளர்கிற புல்லுருவியின் பழம்தான் அதற்குச் சாப்பாடு. எப்போதும் உச்சியில், இலைக்குள்ளேயே கிடக்கும். கண்ணால் தேடிப் பிடிப்பதற்குள் கழுத்து சுளுக்கிவிடும். ஆனால் 'சிக் சிக்' என்று ஓயாமல் கத்தும், அதை வைத்துத்தான் எண்ணுவோம். காதால் கேட்டாலே கணக்கில் சேரும் என்பது குழுவின் விதி. அந்த ஒரு விஷயத்தில் அப்போதெல்லாம் நான் யாரிடமும் போட்டோ கேட்டதில்லை.

ஆரம்ப வருஷங்களில் ஒரு நடைக்குப் பத்து, பன்னிரண்டு பூக்கொத்தி எழுதியிருக்கிறேன். அப்புறம் ஏழு ஆனது, நாலு ஆனது. போன வருஷம் தை பிறந்ததிலிருந்து சைபர். வாரா வாரம் போனேன், வாரா வாரம் சைபர் போட்டேன். கோடை முடிந்தால் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு குருவிக்காக இப்படி ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் முன்பு சிரித்திருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தோப்புக்காரர் ஆள் விட்டுப் புல்லுருவி வெட்டினார். ரோட்டோரத்து மரங்களில் வெட்டிப் போட்ட கொத்துகள் குவியலாகக் கிடந்ததைப் பார்த்ததும், இவர் முன்பிருந்தே இப்படி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. நேராகக் கிணற்றடிக்குப் போனேன்.

"உங்களாலதாங்க இந்தத் தோப்புல ஒரு குருவி இல்லாம போச்சு" என்றேன்.

அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். "மரத்தை உறிஞ்சற சனியனை வெட்டாம, மாலை போட்டுக் கும்புடச் சொல்றியாப்பா?" என்றார்.

"அது குருவிக்குச் சோறுங்க."

"எனக்குச் சோறு மாங்காதான்" என்றவர், கோபம் தலைக்கேறி, வீட்டு மொழியான கன்னடத்துக்குத் தாவி "ஹோகப்பா" என்று கையை வீசினார். போகச் சொல்கிறார் என்பதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தோப்புக்குள் நடக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த மாதம் அவருடைய மோட்டார் எரிந்தபோது அதைப் பாலக்கோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அது எனக்கு உறைத்தது. இருந்தாலும் நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

குழுவில் வருஷக் கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு குறிப்பு தயார் செய்வோம். எந்த ஊரில் எது கூடியது, எது குறைந்தது என்று. அதில் நான் எழுதினேன்: மாரண்டஹள்ளித் தோப்பில் பூக்கொத்தி மறைந்துவிட்டது, காரணம் புல்லுருவி வெட்டியது. கைகூப்பிய படங்களும் அழுகிற முகங்களும் வந்து குவிந்தன. அத்தனை பேரில் ஒருவர்கூட என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.

குறிப்பை முடித்து எல்லாருக்கும் அனுப்ப ஒரு வாரம் இருக்கும்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ் தன் ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலைப் போட்டார். எங்கள் ஊருக்கு அப்போதுதான் குடிவந்தவர். இடம்: அதே மாந்தோப்பு. பூக்கொத்தி பதினொன்று, கேட்டது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பட்டியல் சரியென்றால் என் குறிப்பு பொய், தோப்புக்காரர் மேல் நான் போட்ட பழியும் பொய். கடையில் காயிலைப் பாதியில் விட்டுவிட்டு டைப் அடித்தேன். 'தேன்சிட்டைக் கேட்டுவிட்டுப் பூக்கொத்தி என்று போடக் கூடாது. பதினொன்றா? போட்டோ இருக்கா?' அவர் சண்டைக்கு வரவில்லை. 'வர்ற ஞாயிறு சேர்ந்தே போலாங்க சார்' என்று மட்டும் எழுதினார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

ஆறரை மணிக்குத் தோப்பில் நின்றோம். எனக்கு எல்லாம் கேட்டது. தவிட்டுக் குருவிகள் சச்சரவு பண்ணின, குயில் கூவியது, ஓசூர் பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஒரு மரத்தடியில் நின்று, "இதோ ஒண்ணு சார். அந்தப் பக்கம் ரெண்டு" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை என்றேன். "இப்பவும் கத்துதுங்களே" என்றார். இந்தப் பெண் வாய் கூசாமல் பொய் சொல்கிறாள் என்று மனசுக்குள் திட்டினேன். அதை இங்கே எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒன்றும் வாதாடாமல், "அந்தப் புல்லுருவிக் கொத்துக்குக் கீழ, காய்ஞ்ச குச்சி இருக்குது பாருங்க சார்" என்று கையைக் காட்டினார். பைனாகுலரைத் தூக்கினேன். குச்சியின் நுனியில் என் பூக்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதே அழுக்குக் காக்கி. அதன் அலகு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. சத்தம் இல்லை.

"இப்ப கத்துதுங்களா?" என்று கேட்டேன்.

"கத்துதுங்க சார்."

அவர் செல்போனில் சத்தத்தைப் பதிவு பண்ணிக் காட்டினார். அந்த ஆப்பில் குருவி கத்தும்போதெல்லாம் ஒரு கோடு விழும், சத்தம் எவ்வளவு கீச்சோ கோடு அவ்வளவு மேலே. கோடுகள் வரிசையாக விழுந்துகொண்டே போயின. தவிட்டுக் குருவிகளின் கோடுகள் கீழே கிடந்தன, பூக்கொத்தியின் கோடுகள் தனியாக மேலே இருந்தன. போனைக் காதோடு ஒட்டி வைத்தும் எனக்கு மேல்கோடு கேட்கவில்லை. வீட்டில் வாஷிங் மெஷின் துவைத்து முடித்து 'பீப்' அடிப்பதில்லை என்று போன தீபாவளியில் நான் அதைக் கழற்றிப் போட்டது அப்போது ஞாபகம் வந்தது. "நல்லாத்தானே அடிக்குது, உங்களுக்கென்ன வந்துச்சு" என்று என் மனைவி சொன்னதையும், மெஷினைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று நான் சொன்னதையும் நினைத்தேன். முப்பது வருஷம் கடையில் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் சத்தத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கீச்சுச் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயிருக்கின்றன. ஒரு வருஷமாக நான் துக்கம் கொண்டாடிய குருவி என் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

கண் கலங்கிவிட்டது. காது போனதற்கா, குருவி இருப்பதற்கா என்று அந்த நேரத்தில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டால் சொல்வேன், முக்கால்வாசி சந்தோஷம்தான்.

அன்று ஒன்பது மணிக்குள் குழுவில் எழுதினேன். குறிப்பிலிருந்து என் வரியை எடுத்துவிடுங்கள், குருவி எங்கேயும் போகவில்லை, என் காதுதான் போயிருக்கிறது, புல்லுருவி வெட்டியவர் மேல் தப்பில்லை, மேடம் மன்னிக்கணும். முதல் பதிலாக அரூர் நண்பர் ஒருவர் 'டாக்டர் சர்டிபிகேட் போட்டோ இருக்கா சார்?' என்று போட்டார். குழு மொத்தமும் சிரித்தது, நானும்தான்.

தோப்புக்காரரிடம் நேரில் போனேன். அவர் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் வாய் கொப்பளித்துவிட்டு, "எந்தக் குருவிப்பா அது? எப்படிக் கத்தும்?" என்றார். 'சிக் சிக்' என்று கத்திக் காட்டினேன்.

"அடப்பாவி, அதா? வெடியறதுக்குள்ள வூட்டுக்குப் பின்னாடி அதுதான கத்தித் தூக்கத்தைக் கெடுக்குது. அன்னிக்கே ஒரு தடவை கத்திக் காட்டியிருந்தீன்னா, இங்கதான் இருக்குதுன்னு நானே சொல்லியிருப்பனே."

உள்பக்கத்து நாலு மரங்களில் புல்லுருவியை விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு என்றார். மூன்றில் வந்து நின்றோம். மோட்டார் இப்போது மறுபடியும் என் கடைக்கு வருகிறது.

தர்மபுரியில் காட்டிக் காதுக்கு மெஷின் வாங்கினேன். மற்றதெல்லாம் தெளிவாகக் கேட்கிறது, அந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. நர்ஸுக்கு டூட்டி இல்லாத ஞாயிறுகளில் அவர் கேட்டதை எழுதுவார், நான் பார்த்ததை எழுதுவேன். டூட்டி இருக்கும் ஞாயிறுகளில் நான் தனியாகத்தான் நடப்பேன். அப்படி ஒரு ஞாயிறு கிணற்றடியைத் தாண்டும்போது தோப்புக்காரர் வாயில் வேப்பங்குச்சியோடு, தலைக்கு மேலே ஒரு விரலைக் காட்டினார். பத்து அடி போனதும் திரும்பிப் பார்த்தேன், ரெண்டு விரல் காட்டினார். வேலியோரம் போவதற்குள் அஞ்சு ஆகிவிட்டது.

பட்டியலில் எழுதினேன்: பூக்கொத்தி ஐந்து, கேட்டவர் தோப்புக்காரர். நான் அவரிடம் போட்டோ கேட்கவில்லை.