கன்னத்தில் அடக்கிய கருப்பட்டி

சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் மகளின் இதய வால்வொன்றைச் சற்றுப் பழுதாக்கிவிட்டுப் போனது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குளிரென்றால் பயம். கொட்டகலையில் ஒரு தூறல் விழுந்தால் போதும். கம்பளித் தொப்பி, காலுறை, சூடாக வெறுந்தேநீர். நானும் கணவரும் பிறந்த தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் தேநீருக்குச் சீனி போடும் பழக்கமில்லை. கருப்பட்டித் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு குடிப்போம். நான் ஆசிரியையாகி, லயத்தைவிட்டு வந்த பிறகும் அது மாறவில்லை. மகள் படிக்கும் மேசையில் கருப்பட்டிக் கிண்ணம் எப்போதும் இருக்கும். அவள் உடம்பு சூடாக இருக்கட்டும் என்று கணவர்தான் அதை நிரப்பி வைப்பார்.

உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. கராம்பை இடுக்கச் சொன்னோம். சில நாளில் வலி நின்றுவிட்டது.

"பாத்தியா, கராம்புக்கு அடங்கிருச்சு" என்றார் கணவர்.

செத்த பல் வலிக்காது என்பது எங்களுக்குத் தெரியாது.

பிறகு மாலையானால் ஒரு காய்ச்சல் வந்தது. பனிக்காலம்தானே என்று தடிமன் மருந்து கொடுத்தோம். இருமலும் இல்லை, மூக்கும் ஒழுகவில்லை. ஆனாலும் தடிமன் என்றே நம்பினோம். அவள் இளைத்துக்கொண்டே போனாள். ஒருநாள் பள்ளிக்கூடப் படிகளில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு வாங்குதும்மா."

உதடு வெளுத்திருந்தது. அந்த நிறம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். நான் பழைய காய்ச்சலைப் பற்றிச் சொன்னதும் நிமிர்ந்து, "வாய் திறங்க மகள்" என்றார், சிங்களச் சாயல் தமிழில். நெஞ்சைக் காட்ட வந்த இடத்தில் அவர் டார்ச் அடித்துப் பல்லைப் பார்த்தது எனக்குப் புரியவில்லை.

"இந்தப் பல்லு கிருமி ரத்தத்துல போய், அந்தப் பழுதான வால்வுல ஒட்டியிருக்கும்னு நினைக்கிறேன். டெஸ்ட் செஞ்சு பார்ப்போம்" என்றார்.

ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வாரக்கணக்கில் நரம்பில் மருந்து ஏறியது. பல்லைப் பிடுங்கினார்கள். கணவர் கட்டிலருகே உட்கார்ந்து, பழக்கத்தில், "குளிருது, மப்ளரைச் சுத்திக்கம்மா" என்றார்.

"வாயிலயாப்பா சுத்திக்கணும்?" என்றாள் அவள்.

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். கணவரும் சிரித்தபடியே வெளியே போனார். திரும்பி வந்தபோது அவருக்குக் கண் சிவந்திருந்தது.

இப்போது அவள் வீட்டில் இருக்கிறாள். கருப்பட்டிக் கிண்ணத்தில் பேனாக்கள் நிற்கின்றன. சாயங்காலமானால் அவளை ஜன்னலோரம் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு பல்லாகப் பார்க்கிறேன்.

"கொழுந்து தரம் பாக்குற கணக்கப்பிள்ளை மாதிரி பாக்காதீங்கம்மா!"

பார்த்து முடிந்தும் கையை எடுக்க மனம் வருவதில்லை. தாடைக்குக் கீழே, கழுத்தோரம், நாடி துடிக்கிறது.

"பல்லு அங்கயா இருக்கு?" என்கிறாள்.

"சும்மா நில்லு" என்று சொல்லி, விரலை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருக்கிறேன்.