முழங்கைச் சூடு

போன மாதம் ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி அண்ணனின் கையைத் தட்டிவிட்டேன். ஐஸ்கட்டிகள் தரையெல்லாம் சிதறி ஓடின. மனுஷன் உதவிக்குத்தான் வந்தார். ஆனாலும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

கஞ்சிக்கோட்டு வெயில் உங்களுக்குத் தெரிந்திருந்தால் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாவிட்டால் ஒரு கோடை முழுக்கத் தகரக் கூரைக்கு அடியில் இருந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் உப்புப் பூத்து அது தானாக நிற்கும். அந்த வீட்டில் என் மகள் ஒரு ஃபைட்டர் மீன் வளர்க்கிறாள். நீல மீன், வாலும் செட்டையும் பாவாடை மாதிரி விரியும். தொட்டி சின்னது. ஒரு குடம் தண்ணீர்தான் பிடிக்கும். சின்னத் தொட்டியில்தான் ஆபத்து அதிகம். பெரிய தொட்டி மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். சின்னது கூரையோடு சேர்ந்து காயும்.

அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. கண்ணாடியில் ஒட்டிவைத்த தெர்மாமீட்டர் முப்பத்து நாலைத் தொட்டது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து காற்றைக் குடித்தது. மகள் அழுத சத்தம் கேட்டு அண்ணன் ஐஸ் தட்டோடு ஓடி வந்துவிட்டார்.

“ஏனுங் தம்பி, நாலு கட்டி போட்டா ஆச்சுங்க, குளுந்துக்கும்.”

போடப் போனபோதுதான் தட்டினேன். கொழிஞ்சாம்பாறைக்காரர் அவர், கோபம் வந்தாலும் ‘ங்க’ போகாது. “ஒரு மீனுக்குப் போயி மனுசன அடிக்கிறீங்களே, நல்லாருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு நாள் பேசவில்லை. என் மனைவி, இந்த ஆள் வாயைத் திறந்தால் சண்டை, கையைத் திறந்தால் அடி என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு எல்லாம் சிரிப்புதான்.

மூடியை எடுத்துவிட்டு, ஈரத்துண்டைத் தொட்டியைச் சுற்றிக் கட்டி, விசிறியால் வீசினேன். குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை நன்றாக மூடி மிதக்கவிட்டேன். சூடு இறங்குவது மீனுக்கே தெரியக்கூடாது, அவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும். வெடுக்கென்று மாற்றினால் சூட்டில் பிழைத்தது குளிரில் சாகும். முகத்தைக் கிட்டே வைத்து வீசிக்கொண்டிருந்தபோது தண்ணீரில் ஊறிய வாதாம் இலையின் வாடை வந்தது. பழைய டீத்தூள் மாதிரி ஒரு வாடை. மீனுக்கு நல்லது என்று மகள் போட்டிருக்கிறாள். எனக்கு அந்த வாடை வண்டன்மேடு. எங்கள் அக்காவின் அடுப்படி.

வண்டன்மேட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஏலக்காய் மணத்தில் தொடங்குவார்கள். நான் அந்த மணத்தில்தான் வேலை பார்த்தேன். ஸ்டோரில், அதாவது பறித்த காயை உலர்த்துகிற கட்டடத்தில், அடுப்புக்கு விறகு போடுகிறவன். தீயின் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும், மேலே தட்டுகளில் பச்சைக்காய் காயும். நாள் முழுக்க அங்கே நின்றால் மணமாவது ஒன்றாவது, தலைவலிதான். ஆனால் அந்த மலையிலேயே சூடான இடம் அது ஒன்றுதான். வெளியே மூடுபனி, சாரல், விரல் மடங்காத குளிர். ஸ்டோரின் பின்சுவர் மட்டும் எப்போதும் வெதுவெதுவென்று இருக்கும். நாய்கள் அங்கேதான் படுக்கும். மீன் பாட்டில்களும் அங்கேதான் வரிசையாக இருக்கும்.

எஸ்டேட் ஆண்களுக்கு அப்போது மீன்சண்டை வெறி. கீழே கம்பம் டவுனிலிருந்து ஃபைட்டர் மீனைப் பாலித்தீன் பையில் கொண்டுவருவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், கையில் பைபிளோடே ஸ்டோருக்குப் பின்னால் கூடுவார்கள். ஒரு பாட்டிலில் இரண்டு மீனை விடுவார்கள். ஒன்று மற்றதன் வாலைக் கிழித்து, செவுளைக் கடித்து, தண்ணீர் கலங்கும்வரை பார்ப்பார்கள். தோற்றவன் கோழி அடித்துப் போட வேண்டும். குளிர்ந்த மீன் சண்டை போடாது. அடியில் போய் ஒடுங்கிக் கிடக்கும், செட்டையை விரிக்காது. சூடாக வைத்தவனுக்குத்தான் வெற்றி.

என் அக்காவின் புருஷன் இதில் பெரிய ஆள். அத்தான் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பேரையே எழுதுகிறேன். தேவராஜ். எஸ்டேட் ஜீப் ஓட்டினான். அக்கா ஜெபமணி காய் பறித்தாள். அவர்கள் இருந்தது லயத்தில். எட்டு வீடு ஒரே வரிசையாக, நடுவில் ஒற்றைக்கல் சுவர். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ‘ஆண்டவரே’ என்பார்கள்.

அவன் கொண்டுவந்த முதல் மீன் ஒரு டிசம்பர் காலையில் செத்தது. ராத்திரி குளிருக்கு விறைத்துப்போய் மிதந்தது. அதற்கு அக்காவை ஜீப்பின் பழைய ஃபேன்பெல்ட்டால் அடித்தான். பெல்ட்டின் பல் முதுகில் வரிசையாகப் பதிந்திருந்தது, தையல் போட்ட மாதிரி. நீதானே வீட்டில் இருந்தாய், நீதானே அடுப்பு வைத்திருக்கிறாய், தண்ணீர் எப்படிக் குளிர்ந்தது என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். அக்கா சொல்லி அழவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குப் பிறகு இரண்டாவது மீன் வந்தது. சிவப்பு, வாலில் மட்டும் கருப்பு. அந்த மீன் உயிரோடு இருக்கும்வரைதான் அக்காவின் முதுகுக்கும் எலும்புக்கும் நிம்மதி. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மீன் மேல் எங்களுக்கு ஒரு பிரியமும் கிடையாது. அக்காவைக் காப்பாற்றத்தான் அதைக் காப்பாற்றினோம்.

பகலில் அவள் காட்டுக்குப் போகும்போது மிட்டாய் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். நான் பின்சுவரில் வைப்பேன். குழாய்க்கு நேராக வைத்தால் வெந்துவிடும், மூலையில் வைத்தால் விறைத்துவிடும். தீ ஏறினால் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும், இறங்கினால் திரும்பக் கிட்டே. சாயந்திரம் அவள் வாங்கிப் போவாள். வீட்டில் ஒரு பேசினில் வெந்நீர் விளாவி, அதற்குள் பாட்டிலை இறக்கி வைப்பாள். பாட்டிலுக்குள் வெந்நீரை ஊற்ற மாட்டாள், வெளியிலிருந்துதான் சூடேற்றுவாள். தெர்மாமீட்டரை நாங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில்தான் பார்த்திருக்கிறோம். அவள் முழங்கையை வைத்துப் பார்ப்பாள், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் பார்க்கிற மாதிரி. பேசினில் வைத்த முழங்கைக்குச் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. பிள்ளை இல்லாத வீட்டில் அந்த மீனுக்குத்தான் தினமும் பதம் பார்த்த வெந்நீர்.

பாட்டிலைச் சுற்ற அவளுடைய கம்பளி. எஸ்டேட்டில் மழைக்குக் கொடுத்த கம்பளியை அவன் பாதியாகக் கிழித்து மீனுக்குச் சுற்றிவிட்டான். இவள் உரச்சாக்கு பிளாஸ்டிக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சாரலில் காய் பறித்தாள். மூடியை நன்றாக மூட வேண்டும் என்பது அவன் உத்தரவு. அதில் மட்டும் அவன் சொன்னது சரி. இந்த மீன் மேலே வந்து மூச்சு வாங்கும், அந்தக் காற்று குளிர்ந்திருந்தால் ஆகாது. மீனுக்கு மூச்சு முட்டக்கூடாது என்று தெரிந்தவன்தான் அக்காவின் கழுத்தைப் பிடிப்பான்.

சிவப்பு மீன் ஜெயித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து எஸ்டேட் மீன்களின் கண்ணைக்கூடப் பிடுங்கியது. ஜெயித்த ஞாயிறுகளில் லயத்தில் கோழிக்குழம்பு வாசம் வரும், அடி சத்தம் வராது. அக்காவுக்கு அது போதும்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. அவன் வந்தபோது பாட்டில் மூடி சாய்ந்திருந்தது. அவ்வளவுதான். அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். முழங்கையில் சத்தம் கேட்கும்வரை முறுக்கினான். லயம் முழுக்க அவள் அலறினது கேட்டிருக்கும். கேட்காமல் எங்கே போகும்? ஒரு கதவு திறக்கவில்லை. நான் போய்ப் பார்த்தபோது முழங்கை பலாப்பிஞ்சு மாதிரி வீங்கி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள் என்று ஜீப்பை எடுக்க மாட்டேன் என்றுவிட்டான்.

மறுநாள் காலையில் மீன் அடியில் கிடந்தது. தண்ணீரைப் பார்க்க ஆளில்லை. அக்கா கையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பாட்டிலைத் திறந்து ரம் ஊற்றிக்கொண்டிருந்தான். மூடியால் அளந்து ஊற்றினான்.

“என்ன ஊத்துதிய?” என்றேன்.

“மனுசனுக்குச் சூடேத்துத சாமான் மீனுக்கு ஏத்தாதாலே? நீ விறகப் பாரு.”

சிரிக்காதீர்கள். அந்த மலையில் சளிக்கு ரம், காய்ச்சலுக்கு ரம், பிரசவம் ஆனவளுக்கு மிளகு போட்டு ரம். மீனுக்கும் ரம் என்று தோன்ற அங்கே பைத்தியமாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் மீன் துள்ளியது. பம்பரமாகச் சுற்றியது. வேகம் வந்துவிட்டது பார் என்று பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். ஸ்டோருக்குப் பின்னால் எல்லோரும் கூடி நின்றார்கள். எதிர் மீனோடு விட்டதும் சிவப்பு மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது. எதிர் மீன் அதைக் கடிக்கக்கூட இல்லை, மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது. பக்கத்து எஸ்டேட்காரன் ஒருவன் குனிந்து மோந்தான்.

“என்னவே தேவராசு, மீனு ரம் வாட அடிக்கி. ராத்திரி ஒம்மகூட உக்காந்து ஊத்துச்சாக்கும்?”

சிரிப்பு அடங்கவே இல்லை. அவன் மட்டும் சிரிக்கவில்லை. காலிப் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தான். எங்கே போகிறான், எதற்குப் போகிறான் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். கோழி அடிக்கிற பேச்சு தொடர்ந்தது. அடுப்பில் கிடந்த விறகுக் கட்டை ஒன்றை உருவிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

நான் வாசலுக்குப் போனபோது பாட்டிலை நிலையில் அடித்து உடைத்திருந்தான். கழுத்து மட்டும் கையில் இருந்தது. “அந்தக் கைய நீட்டுட்டி,” என்று சொன்னான். அக்கா எழுந்தாள். கட்டுக்கு ஒத்தடம் கொடுக்க அடுப்பில் வெந்நீர்ப் போணி கொதித்துக்கொண்டிருந்தது. இடது கையால் அதன் பிடியைப் பிடித்தாள். அவசரப்படவே இல்லை. தூக்கி, தோளிலும் நெஞ்சிலும் விழுகிற மாதிரி வீசினாள்.

“சூடு போதுமா பாருங்க,” என்றாள்.

அவன் போட்ட அலறலை நான் இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்படி எழுதக்கூடாது என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

அந்த அலறலுக்கு மற்ற ஏழு வீட்டுக் கதவும் திறந்தது. அவள் அலறியபோதெல்லாம் மூடியே கிடந்த கதவுகள். முந்தின நாள்கூடத் திறக்காதவை. ஆண்களும் பெண்களும் ஓடி வந்தார்கள். வாழை இலை வெட்டி வந்தார்கள், எண்ணெய் கொண்டு வந்தார்கள். அவனுக்கு. ஒருத்தி அக்காவின் முடியைப் பிடித்து, கட்டின புருஷன் மேல் வெந்நீர் ஊற்றுவாயாடி என்று இழுத்தாள். போலீசைக் கூப்பிடு என்று ஒருவன் சொன்னான். எத்தனையோ வருஷமாக அங்கே யாருக்கும் அந்த வார்த்தை ஞாபகம் வந்ததே இல்லை. நான் கட்டையை வீசினேன். முன்னால் வந்தவனின் தோளில் விழுந்தது. மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். அக்காவை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன்.

ஒரு பீன்ஸ் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். கம்பம்மெட்டு தாண்டி இறங்க இறங்கக் கீழிருந்து வெக்கை ஏறியது. அக்கா வெயிலில் முகத்தை நீட்டினாள்.

“இங்கெல்லாம் மீனு சும்மா கெடந்தாலே பொழச்சுக்கிடும்லாடா.”

ஆமாம் என்றேன்.

அவள் கம்பத்துப் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டாள். முழங்கை முழுதாக நிமிரவில்லை. அவன் பிழைத்து, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. அந்தப் பெண்ணுக்கு யார் கதவைத் திறந்தார்களோ தெரியாது. நான் ஊர் ஊராக வேலை பார்த்துக் கஞ்சிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

வண்டன்மேட்டில் இப்போது காயை மெஷினில் உலர்த்துகிறார்களாம். விறகு போட ஆள் வேண்டாம். பழைய ஸ்டோர் இல்லை, வெதுவெதுப்பான பின்சுவரும் இல்லை. லயத்தை இடித்துவிட்டு டூரிஸ்டுகளுக்குக் கண்ணாடி வைத்த காட்டேஜ் கட்டியிருக்கிறார்கள். இடிப்பதற்கு முன்னால் எடுத்த போட்டோவைப் பழைய லயத்துக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். ‘எட்டு வீடு, ஒரே குடும்பம், அந்தக் காலம் வருமா?’ என்று கீழே எழுதி, கும்பிடுகிற கைகள் வேறு. வர வேண்டாம். நான் அப்படியே பதில் போட்டேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

அந்தப் போட்டோவில் கதவுகளைக் கழற்றி முற்றத்தில் அடுக்கி வைத்திருந்தது. நல்ல மரமில்லை. எந்த வீட்டுக்கும் மறுபடி ஆகாது. யாரோ விறகுக்கு ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். நன்றாகக் காய்ந்த பழைய பலகை, சடசடவென்றுதான் எரிந்திருக்கும். அன்றைக்காவது சத்தம் போட்டிருக்கும்.