மழை பொய்த்த மனு

யுத்தம் தொடங்கிய வருஷம். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படிக்கச் சென்னைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் பி.ஏ. தேறியவன்தான், ஆனாலும் அரூர் தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுபவர் எழுதினால்தான் செல்லும் என்பது அப்பாவின் கட்சி.

மனு எழுதுபவர் ஒல்லியான மனிதர். வரிக்கு ஒருமுறை பேனா முள்ளைக் குடுமியில் துடைத்துக்கொள்வார். நரைத்த குடுமியின் நுனி மட்டும் நீலம்.

அவர் எழுதி நீட்டியதைப் படித்துத் திடுக்கிட்டேன். "மூணு வருஷமா மழை இல்லைன்னு எழுதியிருக்கீங்களே? நான் கேக்கறது காலேஜில இடமுங்க."

"எதைக் கேட்டாலும் மழையிலதாங்க ஆரம்பிக்கணும். அப்பத்தான் மேல இருக்கறவங்க மேற்கொண்டு படிப்பாங்க."

அப்பா அதையே தபாலில் சேர்த்துவிட்டார்.

சென்னையில் பேராசிரியர் இலக்கியம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இப்போதாவது உங்கள் ஊரில் மழை உண்டா?" என்றார்.

அந்த நீலக் குடுமி நினைவுக்கு வந்தது. "இல்லீங்க" என்றேன்.

இடம் கிடைத்தது. ஊரில் அப்போது ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.