ஏழின் இடுப்பில் ஒரு கோடு

லிபி குபாட் ஏழு எழுதினால் அதன் இடுப்பில் ஒரு கோடு விழும். அவளுடைய அப்பா பொஹீமியாவில் பள்ளிக்கூடம் போனவர். நெப்ராஸ்காவுக்குச் சோளம் விதைக்க வந்த பிறகும் அந்தக் கோட்டை அவர் விடவில்லை. களஞ்சியக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதினால்கூட ஏழுக்கு ஒரு கச்சை கட்டிவிடுவார். மகளுக்கும் அது கையோடு ஒட்டிக்கொண்டது. ஊர் டீச்சர் விரல்முட்டியில் ஸ்கேலால் தட்டிப் பார்த்தாள். கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் அது போகவில்லை.

1943-இல் ஒஹையோவில் ஒரு பெண்கள் கல்லூரியில் அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருந்தவளை யுத்த வேலைக்கென்று நியூயார்க்குக்கு அழைத்தார்கள். அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது, தனி ஆள், பெட்டி ஒன்று. என்ன வேலை என்று யாரிடமும் சொல்லக்கூடாது, அம்மாவிடம்கூட. கடலுக்கடியில் ஒரு குண்டு வெடித்தால் தண்ணீருக்குள் ஒரு குமிழி உண்டாகும். அது ஊதும், சுருங்கும், மறுபடி ஊதும். எத்தனை முறை, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கணக்கு. பன்னிரண்டாவது மாடியில் எட்டுப் பெண்கள், எட்டுக் கணக்கு மெஷின்கள், நாள் முழுக்கக் கடகடவென்ற சத்தம்.

ஒவ்வொரு கணக்கையும் இரண்டு இடத்தில் போடுவார்கள். இவர்கள் போட்டதையே பதினான்காவது மாடியில் வேறு எட்டுப் பேர் தனியாகப் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். இரண்டு மாடிக்காரர்களும் சந்திக்கவே கூடாது. ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் ஒரே தப்பைச் செய்வார்கள் என்பது மேற்பார்வை பார்த்த மிஸஸ் டால்பர்ட்டின் வேதவாக்கு. தாளின் அடியில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்றில் போட்டவருடைய முதலெழுத்துகள், மற்றதில் சரிபார்த்தவருடையவை. லிபியின் தாள்கள் எல்லாம் 'ஏ.ஜி.' என்ற எழுத்துகளோடு திரும்பி வந்தன.

அந்தக் கட்டடத்தில் பதின்மூன்றாவது மாடி கிடையாது. ஆகாத எண் என்று விட்டுவிட்டார்கள். நாள் முழுக்க எண்ணுகிறவர்கள் வேலை செய்த கட்டடத்துக்கே எண்ணத் தெரியவில்லை. ஆகையால் பதினான்கு என்பது தலைக்கு நேர் மேலே இருந்தது. அங்கே யாராவது நாற்காலியை இழுத்தால் கீழே கேட்கும். அது ஏ.ஜி.யின் நாற்காலியா என்று லிபி நிமிர்ந்து பார்ப்பாள்.

இரண்டாவது மாதம் ஒரு தப்பு நடந்தது. லிபி அவசரத்தில் எழுதிய ஏழு, கோட்டோடு சேர்ந்து நாலு போல விழுந்திருந்தது. மேலே ஒரு விடையும் கீழே ஒரு விடையும் வர, எது பிசகு என்று தேடித் தேடி இரண்டு மாடிக்கும் இரண்டு நாள் வீணாயிற்று. கடைசியில் தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இது ஏழா, நாலா? ரெண்டு நாள் போச்சு." மிஸஸ் டால்பர்ட் லிபியைக் கூப்பிட்டு, இது அமெரிக்கா, இங்கே ஏழுக்கு இடுப்புவார் வேண்டாம் என்றாள். லிபி பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டை நிறுத்தினாள்.

ஒரு வாரம் கழித்து வந்த தாளின் ஓரத்தில் அதே பென்சில்: "கோடு எங்கே? பழகிட்டேன்."

லிபி அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அன்று முதல் ஒவ்வொரு தாளிலும் கடைசியாக வரும் ஏழுக்கு மட்டும் கோடு போட்டாள். அந்த ஏழுக்குப் பக்கத்தில் வால் நீண்ட ஒரு டிக் விழுந்து தாள் திரும்பும். இரண்டரை வருஷத்தில் இதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவ்வளவு பெரிய ஊரில் அவளுக்கு வாய்த்த சிநேகிதம் அது ஒன்றுதான்.

யுத்தம் முடிந்த அன்று தெருவெல்லாம் ஜனம். நுழைவுப் பாஸைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட லிபி, இறங்குவதற்குப் பதில் படியேறி மேல் மாடிக்குப் போனாள். கதவில் நின்ற காவலாளி பாஸைக் கேட்டான். இப்போதுதான் கொடுத்தேன் என்றாள். அப்படியானால் இறங்கும்மா என்றான். இறங்கினாள்.

ஒஹையோவில் அவளுடைய நாற்காலி இருந்தது, இடம்தான் இல்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவரைக் கணிதத் துறைக்குத் தலைவராக்கியிருந்தார்கள். திரும்பி வந்த சிப்பாய்களையும் மாணவர்களாகச் சேர்த்ததில் வகுப்பறைகள் பிதுங்கின. லிபிக்கு நாளைக்கு ஐந்து வகுப்பு, அத்தனையும் முதல் வருஷத்துக் கணக்கு. அவள் மனசோ வேறிடத்தில் இருந்தது. குமிழிக் கணக்கைப் போடும்போது ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். படிப்படியாகப் போகிற கணக்கில் ஒரு படியில் விழுந்த சின்னப் பிழை அடுத்த படியில் பெருகாமல் அங்கேயே அடங்கிவிடும் வழி அது. ஏன் அடங்குகிறது என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அதை நிரூபிக்க இரண்டு வருஷம் வேண்டும், வகுப்பு இல்லாத இரண்டு வருஷம். இப்போது முப்பத்தேழு வயது. விட்டால் அப்படியே போய்விடும்.

வாஷிங்டனில் ஓர் அரசாங்க அலுவலகம் யுத்தத்துக்குப் பிறகும் கணிதத்துக்கு உதவி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, விண்ணப்பப் படிவம் வரவழைத்தாள். முன்பு செய்த வேலையைக் காட்டு என்றது படிவம். முன்பு செய்தது குமிழிக் கணக்கைப் பற்றி நியூயார்க்கில் எழுதிய எண்பத்தாறாம் அறிக்கை, ரகசிய முத்திரை குத்தியது. தான் எழுதியதைத் தானே பார்க்க அனுமதி கேட்டாள். ரகசியம் பார்க்கும் தகுதி உள்ளவர்கள்தான் கேட்கலாம், உங்கள் தகுதி யுத்தத்தோடு முடிந்தது என்று பதில் வந்தது. தகுதி வேண்டுமானால் அரசாங்க உதவி பெற்றிருக்க வேண்டும், உதவி வேண்டுமானால் அறிக்கையைக் காட்ட வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான்.

இரண்டு வருஷ விடுப்புக் கேட்கப் போனபோது டீன் வீலக் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மூணு வருஷமா நியூயார்க்ல என்ன செஞ்சீங்கன்னு கேட்டா, சொல்லக்கூடாதுங்கறீங்க மிஸ் குபாட். என் பொண்டாட்டியும் அப்படித்தான், கடைவீதிக்குப் போய்ட்டு வந்தா வாயைத் திறக்க மாட்டா." பிறகு, உதவி கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் வரும் செப்டம்பரில் வகுப்பு ஆறாகும் என்றும் சொன்னார்.

அறிக்கையைக் காட்ட முடியாததால், அதே வழியை யாருக்கும் ஆபத்தில்லாத ஒரு கணக்கில் போட்டுக் காட்டினாள்: இரும்புக் கம்பியில் சூடு பரவுவது, பன்னிரண்டு பக்கம், கையெழுத்தில். தபாலில் போட்ட பிறகுதான், கடைசிப் பக்கத்தின் கடைசி ஏழுக்குக் கோடு போட்டுவிட்டோமோ என்று உறைத்தது. பழக்கதோஷம். இதுவும் நாலாகப் போய்த் தொலைந்தால் என்ன செய்வது?

ஜூன் மாதம் நேரில் வரச்சொன்னார்கள். வாஷிங்டன் வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. யுத்தத்தின்போது அவசரமாக எழுப்பிய பலகைக் கட்டடம், நடந்தால் தாழ்வாரம் அதிரும். குடிதண்ணீர்த் தொட்டியருகே காத்திருந்தபோது உயரமான ஒரு பெண் காகிதக் குவளையில் தண்ணீர் பிடிக்க வந்தாள். நாற்பத்தைந்து இருக்கும், கொண்டையில் பென்சில் செருகியிருந்தது. கையில் லிபியின் பன்னிரண்டு பக்கங்கள்.

அவள் லிபியைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தே பேசினாள். "உள்ள மூணு பேர் உக்காந்திருப்போம். இங்க யாரையாவது முன்னாடியே தெரியுமான்னு முதல்ல கேப்பாங்க. தெரியும்னு சொன்னா அந்த ஆள் எழுந்து வெளிய போயிடணும், அதுதான் விதி. மத்த ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒருத்தர் பீரங்கிக் கணக்கு, ஒருத்தர் வானிலைக் கணக்கு. இந்தப் பன்னெண்டு பக்கம் அவங்களுக்குப் புரியாது."

சொல்லிவிட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். கோடு போட்ட ஏழின் பக்கத்தில் வால் நீண்ட ஒரு டிக்.

லிபிக்குக் கேட்பதற்கு ஆயிரம் இருந்தது. அந்த நாற்காலி உங்களுடையதுதானா என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

"நாம சந்திச்சதே இல்ல," என்றாள் அந்தப் பெண். "இல்லையா?"

"இல்ல," என்றாள் லிபி. "சந்திச்சதே இல்ல."

அது உண்மைதான். கொண்டைப் பென்சில்காரி ரப்பரை எடுத்து டிக்கை அழித்துவிட்டு உள்ளே போனாள்.

அறையில் மேஜைமேல் பெயர்ப்பலகை இருந்தது: மிஸ் அகஸ்டா கேரிசன், அதாவது ஏ.ஜி. பீரங்கிக்காரர் கேட்டார், இங்கே யாருடனாவது பழக்கம் உண்டா என்று. இல்லை என்றாள் லிபி. மிஸ் கேரிசன் தாளிலிருந்து தலை நிமிரவில்லை. பிறகு ஒரு மணி நேரம் அவள்தான் கேள்வி கேட்டாள், ஒவ்வொன்றும் ஊசி. மூன்றாம் பக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி அதை அடைக்க வைத்தாள். தன் கணக்கை ஒருவர் இவ்வளவு உள்ளே போய்ப் படித்ததை லிபி அதற்கு முன்னால் நேரில் கண்டதில்லை. கைகுலுக்கும்போது மட்டும் அந்தக் கை ஒரு கணம் அதிகமாக நின்றதுபோல் இருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. இரண்டு வருஷம் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை லிபி அறிக்கை அனுப்பினாள். 'அன்புள்ள மிஸ் கேரிசன், தங்கள் உண்மையுள்ள'. அன்புள்ள மிஸ் குபாட், கிடைத்தது, நன்றி என்று தட்டச்சில் பதில் வந்தது. லிபி ஓர் ஏழுக்குக்கூடக் கோடு போடவில்லை. கோப்புகளைப் பிறரும் பார்ப்பார்கள். யாராவது எதையாவது முடிச்சுப் போட்டுவிட்டால் மிஸ் கேரிசனுக்கும் கெடுதல், கணக்குக்கும் கெடுதல். அறையில் லிபியும் மேஜையும்தான். இரண்டாம் வருஷப் பனிக்காலத்தில் நிரூபணம் பிடிபட்டது. ஒரு பத்திரிகை பதினோரு பக்கத்தில் அச்சிட்டது. முதல் முறையாக அவள் பெயர் முழுதாக.

1949 செப்டம்பரில் கடைசி அறிக்கை. இனி கேட்பதற்கும் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை, விதி இனி யாரையும் எழுந்து போகச் சொல்லாது. எண் அட்டவணையை மட்டும் கையால் எழுதினாள். பதினோராம் பக்கத்தில் கடைசி ஏழு வந்தது. பேனாவை ஒருமுறை உதறிவிட்டு, இடுப்பில் கோடு இழுத்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் வாஷிங்டன் போகலாம், ஒரு காப்பி குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. மடிப்பைப் பிரித்ததும் முதல் வரி கண்ணில் பட்டது: பதினோராம் பக்கத்தில் கடைசி எண் ஏழா, நாலா?

லிபி நின்ற இடத்திலேயே சிரித்துவிட்டாள். கல்லூரித் தபாலறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் குபாட் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

பிறகு கீழே படித்தாள். கோப்பில் தெளிவாக இருக்க வேண்டியிருப்பதால் தயவுசெய்து உறுதிப்படுத்தவும். இப்படிக்கு, ரஸல் டன்லப், ஜூலை மாதம் வேறு பணிக்கு மாற்றலாகிச் சென்ற மிஸ் கேரிசனுக்குப் பதிலாக. எங்கே, என்ன பணி என்று இல்லை. அது எழுதக்கூடிய விஷயமாகவும் இருக்காது.

அன்று மாலையே ஓர் அஞ்சலட்டை வாங்கினாள். அன்புள்ள திரு. டன்லப், அது ஏழு என்று எழுதினாள். எண்ணில் எழுதவில்லை, எழுத்தில் எழுதினாள்.